உப்பு விழும் விதம்

மார்ச் 3, செவ்வாய்

கண் மருத்துவமனை லிஃப்ட் மறுபடியும் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு பெரியவர், இரண்டு கண்ணிலும் கட்டு. வெளியிலிருந்து பல்லி அவருக்குத் தைரியம் சொல்கிறார்: "பயப்படாதீங்க சார், உள்ள லைட் எரியுதுல்ல?" அவர் உள்ளிருந்து, "எரியுதான்னு நீதான்பா வந்து பாத்துச் சொல்லணும்" என்றார். கேபினைக் கையால் இறக்கி முடிக்கும்வரை எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பல்லி எங்கள் சர்வீஸ் கம்பெனியில் என் ஜோடி, என்னைவிட மூத்தவர். லிஃப்ட் போகும் கிணற்றுக்குள் சுவரோடு ஒட்டிக்கொண்டு ஏறுவதால் அந்தப் பேர். அவருக்கும் அதில் வருத்தமில்லை.

காலையில் அவள் கூப்பிட்டாள். நான் பல் தேய்க்கும் நேரம் அவளுக்கு வேலை முடிந்து பஸ் ஏறும் நேரம்.

"படம் எந்த அளவுல இருக்கு?"

"சொல்லக் கூடாது."

"நல்லாயிருக்கா? அதையாவது சொல்லேன்."

"நீ முதல்ல வாயைக் கொப்பளி."

இதுதான் என் கல்யாண வாழ்க்கை. நான் உயிரை விடுகிற நாவலைப் படமாக எடுக்கிறார்கள். அந்தப் படத்துக்குக் கம்ப்யூட்டர் காட்சிகள் செய்யும் ஸ்டுடியோவில் என் பெண்டாட்டி வேலை பார்க்கிறாள், கடலுக்கு அந்தப் பக்கம். வெளியே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதென்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். புருஷனும் வெளியேதான்.

ஜூனில் படம் வருகிறது. வந்தால் அவள் ஒப்பந்தம் முடியும். முடிந்தால் வந்துவிடுவாள். இவ்வளவுதான் கணக்கு. ரசிகனாக ஒரு அவசரம், புருஷனாக ஒரு அவசரம். எது பெரிது என்று யாரும் கேட்கவில்லை, நல்லவேளை.

மார்ச் 11, புதன்

டிரெய்லர் வந்துவிட்டதாம். பார்க்க மாட்டேன். பார்த்தால் முழுப் படம்தான்.

பார்த்துவிட்டேன். மறுபடி மறுபடி.

மார்ச் 12, வியாழன்

மதியம் மோட்டார் அறையில் டீ குடிக்கும்போது பல்லி கேட்டார், "அப்படி என்னதான்டா கதை அது?"

சொன்னேன். ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் கடல் இல்லை. போய்விட்டது. கண்ணுக்கெட்டிய தூரம் உப்பு. கரையில் ஒரு கலங்கரை விளக்கம், அதற்கு ஒரு காவலன். அவன் மனைவி கடலைத் தேடிக்கொண்டு உப்பில் இறங்கி நடக்கிறாள். அவன் அன்றாடம் விளக்கேற்றுகிறான். எழுநூறு பக்கத்தில் பாதி அவள் நடப்பது, மீதி அவன் ஏற்றுவது. கடைசிப் பக்கத்திலும் ஏற்றுகிறான்.

"அவ வந்தாளா?"

"அதை ஆசிரியர் சொல்லல."

"எழுநூறு பக்கம் படிச்சும் தெரியலையா? கடையில போய்ப் புத்தகத்தைத் திருப்பிக் குடு."

இவரிடம் போய்ச் சொன்னேன், என்னைச் சொல்ல வேண்டும்.

அவள் எனக்குக் கிடைத்ததே இந்த நாவலால். காவலன் எண்ணெய்ப் பீப்பாயைக் கப்பியில் மேலே இழுப்பான் — எதிர்எடை இல்லாமல் தனி ஆள் இழுக்கவே முடியாது, ஆசிரியருக்கு இயந்திரம் தெரியாது என்று ரசிகர் குழுவில் எழுதினேன். எல்லோரும் என்னை அடிக்க வந்தார்கள். ஒருத்தி மட்டும் ஒரு படம் வரைந்து போட்டாள். எதிர்எடை காவலன்தான். இடுப்பில் கல்லைக் கட்டிக்கொண்டு கயிற்றின் மறுமுனையில் அவன் இறங்குகிறான், பீப்பாய் ஏறுகிறது. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சரியாக வந்தது. அதுவரை என் கணக்குக்கு யாரும் சரியாக வந்ததில்லை.

ஏப்ரல் 19, ஞாயிறு

அம்மா அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தாள். "அவ தட்டு காலியாத்தானே கிடக்கு, போர்வையை வைக்கட்டுமா?"

வேண்டாம் என்றேன்.

"சும்மா கிடக்கிற இடம்டா."

"கிடந்துட்டுப் போகட்டும்!" கத்திவிட்டேன்.

அம்மா போர்வையைத் தன் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு மருந்துக்கடைக்குக் கிளம்பிப் போய்விட்டாள், ஞாயிறு அவளுக்கு அரைநாள் வேலை. திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போது சொன்னாள்: "உனக்கு அவ இல்லைங்கிற கோவம். அதை என் போர்வை மேல காட்டாத."

அந்தத் தட்டில் இருப்பது ஒரு தலை கிளிப். கொண்டுபோக மறந்தது. ஒரு பல் ஒடிந்திருக்கிறது. அதற்குத்தான் இத்தனை சண்டை.

மே 9, சனி

வீடியோவில் அவள் மணிக்கட்டில் பட்டை.

"என்னாச்சு?"

"மவுஸ் பிடிச்சுப் பிடிச்சு."

"அப்படி என்னத்தைத்தான் செய்யுற?"

"பின்னணி."

"கோபுரமா?"

சிரித்தாள். போன புதிதில் கட்டடம் செய்கிற பிரிவில்தான் இருந்தாள், அதனால் கோபுரம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். முகம் இளைத்திருக்கிறது. கேட்டால் கேமரா கோணம் என்பாள். பேசி முடித்த பிறகும் அவள் வைக்க மறந்து, கொஞ்ச நேரம் திரையில் அவள் அறையின் கூரை மட்டும் தெரிந்துகொண்டிருந்தது. நான் வைக்கவில்லை. அவள் ஏதோ பாத்திரத்தை உருட்டும் சத்தம், குழாய் சத்தம். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று அம்மா வந்து கதவைத் தட்டினாள்.

மே 27, புதன்

பஸ்ஸில் முன் சீட்டில் அவளுடையதைப் போலவே ஒரு பின்னங்கழுத்து. இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை.

ஜூன் 5, வெள்ளி

பார்த்தாயிற்று. முதல் நாள், முதல் காட்சி. நடு வரிசை. பக்கத்து சீட்டுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்திருந்தேன். அதில் ஹெல்மெட்டை வைத்தேன். ஏன் என்று என்னைக் கேட்காதே.

கெடுத்துவிட்டார்கள்.

கப்பி தப்பு. விளக்கின் கண்ணாடி தப்பு. உப்பு, அதைவிட மோசம் — காற்றடித்தால் தண்ணீர் மாதிரி ஓடுகிறது. உலர்ந்த பொருள் அப்படியா நகரும்? மளிகைக் கடையில் மூட்டை கவிழ்ந்து பார்த்தவனுக்குக்கூடத் தெரியுமே. அதெல்லாம் போகட்டும். முடிவு! காவலன் விளக்கை அணைத்துவிட்டுப் படியிறங்குகிறான். உப்பில் காலை வைக்கிறான். அவளைத் தேடிக் கிளம்பிவிட்டானாம். அரங்கமே கைதட்டுகிறது. எழுநூறு பக்கம் ஒருத்தன் இடத்தை விட்டு அசையாமல் நின்றானே, அது எதற்கு? என்ன கண்றாவி இது?

எழுத்து ஓட ஆரம்பிக்கும் முன்பே ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அவள் பேர் வருமே என்று ஞாபகம் வந்தபோது வண்டியைக் கிளப்பியாகிவிட்டது. இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

ஜூன் 6, சனி

குழுவில் எழுதினேன். நீளமாக. முடிவைப் பற்றிக் கடைசியில்தான் எழுதினேன். முதலில் உப்பு: "இந்த உப்பைச் செய்தவர் வாழ்நாளில் ஒரு உப்பு டப்பாவைக்கூடக் கவிழ்த்துப் பார்த்ததில்லை."

நல்ல வரி. எழுதும்போதே தெரிந்தது.

ஜூன் 7, ஞாயிறு

அந்த வரியைப் படத்தோடு சேர்த்து எல்லா இடத்திலும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். யாரோ வேறு மொழியிலும் போட்டிருக்கிறான். என்னை மேதை என்கிறான் ஒருவன்.

அவள் கூப்பிடவில்லை.

ஜூன் 9, செவ்வாய்

கூப்பிட்டாள்.

"பாத்தியா?"

"பாத்தேன். நான் எழுதினதைப் படிச்சியா?"

"படிச்சேன்."

"எப்படி?"

"தலைவலிக்குது. வச்சிடறேன்."

"டிக்கெட் எப்போ போடற?"

"சொல்றேன்."

சொல்கிறேன் என்றால் என்ன அர்த்தம்? படம் வந்துவிட்டது. கணக்கு முடிந்துவிட்டது. சொல்வதற்கு என்ன இருக்கிறது?

ஜூன் 11, வியாழன்

இரண்டாம் பாகம் எடுக்கப் போகிறார்களாம். அறிவித்துவிட்டார்கள். நாவலில் இல்லாத கதை. காவலன் உப்பில் நடந்து என்ன ஆனான் என்று. அதே இயக்குநர், அதே ஸ்டுடியோ.

அதே ஸ்டுடியோ.

ஜூன் 14, ஞாயிறு

மத்தியானம் பல்லி போன் செய்தார். குடும்பத்தோடு படத்துக்குப் போயிருந்தாராம்.

"டேய், உன் வீட்டுக்காரி பேரு வருதுடா! என் பொண்ணு மடியில தூங்கிட்டா, எழுப்ப மனசில்லாம கடைசி வரைக்கும் உக்காந்திருந்தோம். பேரைப் பாத்ததும் என் சம்சாரம் விசிலடிச்சா, தெரியுமா?"

"எந்தப் பிரிவுல போட்டிருக்கு?"

"என்னமோ... இரு, போட்டோ எடுத்தேன். ஆங். உப்பு, தூசி, மணல். மொத்தம் நாலு பேரு. உப்புக்கு இவதான் தலைமை போல, தனியாப் போட்டிருக்கான். பெரிய ஆளுதான்டா!"

உப்பு.

பல்லி இன்னும் என்னென்னவோ சொன்னார். அவர் குழு கிழு எதிலும் கிடையாது, நான் எழுதியதைப் படிக்கவில்லை. "என்னடா சத்தத்தையே காணோம், ஆனந்தக் கண்ணீரா?" என்றார்.

ஜூன் 15, திங்கள்

நானே கூப்பிட்டேன். அவளுக்கு அது நடு வேலை நேரம். எடுத்தாள், படிக்கட்டுக்கு வந்து பேசினாள், குரல் எதிரொலித்தது.

"உப்பு நீ செஞ்சதா?"

"பேரைப் பாத்தியா?"

"பல்லி பாத்தாரு."

"ஓ. நீ பாக்கல."

அப்புறம் அவளே பேசினாள். போன வருஷமே உப்புக்கு மாற்றிவிட்டார்களாம். வாடகை வீட்டு ஹாலில் பிளாஸ்டிக் விரித்து மூட்டை மூட்டையாக உப்பைக் கொட்டி, போனில் படமெடுத்து, அது எப்படிச் சரிகிறது எப்படி நிற்கிறது என்று பார்த்துச் செய்தாளாம். வீட்டுக்காரம்மா எறும்புக்கு மருந்து வைக்கிறாளா என்று கேட்டாராம்.

"சரியாத்தான்டா செஞ்சேன். எத்தனை தடவை. இயக்குநர் பாத்துட்டு, போன கடல் இன்னும் அதுக்குள்ள இருக்கிற மாதிரி வேணும், தண்ணி மாதிரி ஓடணும்னாரு. அது உப்பே இல்லைன்னு சண்டை போட்டேன். நீ எழுதியிருக்கியே, அதே வார்த்தை. அப்புறம் அவர் சொன்னபடி செஞ்சு குடுத்தேன். மணிக்கட்டு போனது அதுக்குத்தான்."

"எனக்குத் தெரியாது."

"தெரிஞ்சிருந்தா எழுதியிருக்க மாட்டியா?"

யோசித்தேன். பொய் சொல்ல வரவில்லை. "எழுதியிருப்பேன். உனக்கு மட்டும்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். சிரித்தாளா அழுதாளா, தெரியவில்லை.

"உன் வரியை எங்க டீம்ல ஒருத்தன் பிரிண்ட் எடுத்து காபி மெஷின் மேல ஒட்டியிருக்கான். கோவத்துல இல்ல, தமாஷுக்கு. தினமும் அதைப் பாத்துட்டுத்தான் காபி எடுக்கிறேன். எழுதினது யாருன்னு நான் சொல்லல."

"சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்லுவேன்?" என்றாள். "கடைசி ஷாட் மட்டும் என் இஷ்டத்துக்கு விட்டாரு. அதையாவது நல்லா பாத்தியா?"

நான் பதில் சொல்வதற்குள் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள்.

குழுவில் எழுதியதை எடுத்துவிட்டேன். அது ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருக்கிறது. எடுத்து என்ன?

ஜூன் 16, செவ்வாய்

மதியக் காட்சி. வேலைக்கு வயிற்று வலி என்று சொன்னேன். அரங்கில் பத்துப் பேர் இருந்தால் அதிகம். ஒரே ஒரு டிக்கெட் வாங்கினேன். 

கடைசிக் காட்சி. காவலன் கடைசிப் படியிலிருந்து காலை எடுத்து உப்பில் வைக்கிறான். மேலே இறுகிப் போன ஏடு விரிசல் விடுகிறது. கால் கொஞ்சம் இறங்குகிறது. பள்ளத்தின் விளிம்பு சரிகிறது, முதலில் கட்டியாக, பிறகு பொடியாக, பிறகு ஒன்றிரண்டு மணியாக. ஒரு மணி உருண்டு வந்து அவன் பாதத்தில் தட்டி நிற்கிறது. அவ்வளவுதான். இருட்டாகிவிடுகிறது.

சரி. முழுக்கச் சரி. ஒரு குறை சொல்ல முடியாது. அன்றைக்கு இந்த நேரம் நான் பக்கத்து சீட்டிலிருந்து ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டிருந்தேன்.

பேர்கள் ஓடின. ஓடிக்கொண்டே இருந்தன, ஒரு ஊரே சேர்ந்து எடுத்த படம் போல. அவள் பேர் வந்தது. எழுந்து நின்றேன். சுத்தம் செய்ய வந்தவர் துடைப்பத்தோடு, "வெளிய போற வழி அந்தப் பக்கம் தம்பி" என்றார்.

ஜூன் 21, ஞாயிறு

இன்றைக்குத்தான் முழுதாகப் பேசினோம். இரண்டாம் பாகத்துக்கு அவளைக் கேட்டிருக்கிறார்கள். இன்னும் இரண்டு வருஷம். இந்த முறை உப்பு, புயல் எல்லாம் அவள் பொறுப்பு. மாசக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"உனக்குப் பிடிக்காதது முடிவா, இல்ல ரெண்டாம் பாகமா?" என்று கேட்டாள்.

"முடிவுதான். அவன் இடத்தை விட்டுப் போறது அந்த ஆளோட குணமே இல்ல. விளக்கை யார் பாத்துக்குவா?"

"கடல் இல்லாத ஊர்ல கலங்கரை விளக்கு எதுக்குடா?"

"அவ திரும்பி வர வழி தெரியணும்ல!"

"அவளுக்கா வழி தெரியாது? நடந்து போனவளே அவதானே."

நான் போனை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினேன்.

"எழுநூறு பக்கமும் அவன் காத்திருக்கான், காத்திருக்கான்னு எல்லாரும் உருகறீங்க," என்றாள். "அவ கிளம்பும்போது கூட வரேன்னு அவன் ஏன் சொல்லல? ஒருத்தராவது கேட்டீங்களா? நானும் கேக்கல, என்னையும் சேத்துத்தான். இங்க வந்தப்புறம், ராத்திரி சாப்பாட்டைத் தனியா சூடு பண்றப்பதான் தோணுச்சு."

அப்புறம் சொன்னாள்: "நீ வான்னு சொன்னா வந்துடுவேன். சொல்லு."

சொல்ல முடியவில்லை. ஒரே எழுத்துதான் அந்த வார்த்தை. ஒரு வருஷமாக வாயிலேயே வைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த ஷாட்டைப் பார்த்தபிறகு — எப்படிச் சொல்ல? சொன்னால் வருவாள். வந்து, மணிக்கட்டில் பட்டையோடு, இந்த ஊரில் கல்யாண வீடியோவுக்குப் பூ பறக்க விட்டுக்கொண்டிருப்பாள்.

"யோசிச்சு சொல்றேன்" என்றேன். நான். யோசிக்காமல் பேசியே பேர் வாங்கினவன்.

ஜூன் 24, புதன்

அம்மாவிடம் சொன்னேன், பாதியில் நிறுத்தினேன். அம்மா பட்டென்று கேட்டாள்: "என்னை யார் பாத்துக்குவாங்கன்னு இழுக்கிறியா?"

"இல்ல..."

"காலைல நான் கடைக்குப் போறேன், நீ லிஃப்டுக்குப் போற. ராத்திரி நீ போனைப் பாக்கிற, நான் டிவி பாக்கிறேன். நீ என்னைப் பாத்து ரொம்ப நாளாச்சு. கிளம்பற வழியைப் பாரு."

"அங்க என் லைசென்ஸ் செல்லாதும்மா. மறுபடி பரீட்சை எழுதணும். அதுவரைக்கும் வேலை இல்லாம உக்காந்திருக்கணும்."

"உக்காரு. அவ சம்பாதிக்கட்டும். உங்கப்பா உக்காரலையா?"

அப்பாவை இதில் இழுப்பாள் என்று எதிர்பார்க்கவில்லை. சிரித்துவிட்டேன். அவளும்.

ஜூன் 27, சனி

"கையெழுத்துப் போடு" என்றேன்.

முகம் அப்படியே நின்றுவிட்டது. நெட் போய்விட்டதோ என்று நினைத்தேன். போகவில்லை. நான் விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறாள், முட்டாள்.

மீதியையும் சொன்னேன்: நானே அங்கே வருகிறேன் என்று. கேமராவை விட்டுத் தள்ளிப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

"உன்னால சும்மா உக்கார முடியாது. ரெண்டாவது நாளே என் உயிரை எடுப்ப."

"எடுப்பேன்."

"குளிருக்கு ஒழுங்கா ஒரு ஜாக்கெட் இருக்கா உன்கிட்ட?"

ஜூலை 13, திங்கள்

மேலாளரிடம் கடிதம் கொடுத்தேன். "சம்சாரம் பின்னாடி போறியா?" என்றார். ஆமாம் சார் என்றேன். அதற்கு மேல் கேலி செய்ய அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

பல்லி நாள் முழுக்கப் பேசவில்லை. சாயங்காலம் கிணற்றுக்குள் கயிற்றுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது மேலிருந்து குரல் வந்தது: "உன்னை மாதிரி வாய்த்துடுக்கு பிடிச்சவன் இனிமே எனக்குக் கிடைக்க மாட்டான்டா." இருட்டில் அவர் முகம் தெரியவில்லை. வேண்டுமென்றேதான் அங்கிருந்து சொன்னார்.

ஆகஸ்ட் 8, சனி

விசா இன்னும் வரவில்லை. இன்னும் இல்லை. இன்னும் இல்லை.

செப்டம்பர் 18, வெள்ளி

வந்து ஒரு வாரம். தூக்கம் இன்னும் சரியாகவில்லை. பரீட்சைப் புத்தகம் தலையணை தடிமன். அம்மா காலையில் பேசினாள் — அலமாரியில் இரண்டு தட்டும் இப்போது அவளுக்குத்தானாம், குரலில் அவ்வளவு குஷி.

பகல் முழுக்க இந்த வீட்டில் நான் மட்டும். அவள் காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருகிறாள். புயல் ஆரம்பித்துவிட்டார்கள். என்ன புயல், எப்படி, ஒன்றும் கேட்பதில்லை. சொல்லக் கூடாது. இவ்வளவு தூரம் வந்தும் நாளில் பாதி அவளுக்காகக் காத்திருக்கத்தான் வேண்டியிருக்கிறது. ஆனால் இது வேறு மாதிரி. இதற்கு ஒரு பஸ் இருக்கிறது. ஜன்னலில் நின்றால் அது திருப்பத்தில் வருவது தெரியும்.

இன்று வந்தது. இறங்கினாள். ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை. இத்தனை நாள் பார்க்க என்ன இருந்தது? தலையைக் குனிந்துகொண்டு, பையை இழுத்துப் போட்டுக்கொண்டு, தனியாக வருகிறவள் நடக்கிற மாதிரியே நடந்து வந்தாள். படியில் காலடி. கதவுக்கு வெளியே நின்று பைக்குள் சாவியைத் தேடுகிறாள். தேடிக்கொண்டே இருக்கிறாள். உள்ளே ஆள் இருப்பது இன்னும் அவளுக்குப் பழகவில்லை.

போய்த் திறந்தேன்.